இரண்டாவது குண்டு விழும்வரை: சிரியாவில் இடிபாட்டு மீட்பு எப்படி நடந்தது

இடிந்த கட்டடத்துக்குள் சிக்கியவர்களை வெளியே எடுப்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு நடைமுறை இருக்கிறது. ஐ.நா.வின் கீழ் இயங்கும் இன்சராக் அமைப்பு அதைத் தொகுத்து வைத்திருக்கிறது. இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை விலக்க வேண்டும். கட்டடம் எந்த விதமாக விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுவரில் குறி போட்டு, காதுகொடுத்துக் கேட்டு, முட்டுக்கொடுத்த பிறகுதான் உள்ளே நுழைய வேண்டும். எல்லாம் சரியான பாடம்தான். ஆனால் நிலநடுக்கத்தை மனத்தில் வைத்து எழுதிய பாடம். மேலிருந்து இனி யாரும் எதையும் போடமாட்டார்கள் என்பதை அது சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சிரிய உள்நாட்டுப் போரில் 'வெள்ளை ஹெல்மெட்' என்று பெயர் பெற்ற தன்னார்வலர்களின் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. உள்ளே சிக்கியவரை உயிரோடு எடுக்க நிதானம் வேண்டும். மேலே நிற்கும் மீட்பாளர் உயிரோடு வீடு திரும்ப அவசரம் வேண்டும். அவர்களுடைய விதிகள், கருவிகள், தவறுகள் எல்லாம் இந்த இழுபறியிலிருந்து பிறந்தவை. வீரக்கதையாக மட்டும் படித்தால் அந்த வேலையின் பாதி கண்ணில் படாது.

அரசு போன இடத்தில்

சிரியாவில் குடிமைப் பாதுகாப்பு என்பது அரசுத் துறையின் வேலை. 2011-இல் தொடங்கிய எழுச்சி போராக மாறி, 2012-இல் கிழக்கு அலெப்போவும் இத்லிப் மாகாணத்தின் பல ஊர்களும் அரசின் கையை விட்டுப் போனபோது, தீயணைப்பு வண்டிகளும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அரசோடு போய்விட்டார்கள். அதே ஊர்களின்மேல் ஹெலிகாப்டர்கள் பீப்பாய் குண்டு போடத் தொடங்கின. எண்ணெய் பீப்பாய், கேஸ் சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி என்று கிடைத்த உருளைக்குள் வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் அடைத்துத் தள்ளிவிடும் குண்டு அது. குறி பார்த்துப் போடும் வழியே அதில் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு அவை 2014 பிப்ரவரியில் 2139-ஆம் தீர்மானத்தில் இதைப் பெயர் சொல்லியே நிறுத்தச் சொன்னது. நிற்கவில்லை.

குண்டு விழுந்த தெருவில் அக்கம்பக்கத்தார் கையாலும் கடப்பாரையாலும் தோண்டினார்கள். அப்படித் திரும்பத் திரும்பத் தோண்டியவர்களே 2012 கடைசியிலும் 2013-லும் குழுக்களாக ஆனார்கள். ரொட்டிக் கடைக்காரர், தையல்காரர், தச்சர், பெயின்டர், மருந்தாளுநர், மாணவர் என்று எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள். பிற்பாடு அமைப்பின் தலைவரான ராயித் அல் சாலே மின்னணுப் பொருள் விற்றுக்கொண்டிருந்தவர். 2013 முதல் இவர்கள் எல்லை தாண்டித் தெற்குத் துருக்கிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்கள். பயிற்சி கொடுத்ததில் முக்கியமானது அகுத். மலையேறிகள் 1996-இல் தொடங்கி, 1999 மர்மரா நிலநடுக்கத்தில் பெயர் வாங்கிய துருக்கித் தன்னார்வ அமைப்பு அது. 2014 அக்டோபர் 25 அன்று தனித்தனிக் குழுக்கள் கூடிச் 'சிரியக் குடிமைப் பாதுகாப்பு' என்ற ஒரே அமைப்பாக இணைந்தன. பெண்கள் சேர்ந்ததும் அந்த ஆண்டில்தான். எண்ணிக்கை ஏறக்குறைய 3,000 வரை போனது. முழுநேர வேலை செய்தவர்களுக்கு மாதம் 150 டாலர் உதவித்தொகை. பிரிட்டன், அமெரிக்கா, நெதர்லாந்து, ஜெர்மனி முதலிய அரசுகள் கொடுத்த பணம் இது. பின்னாளில் வந்த சந்தேகங்களுக்கு விதை போட்டதும் இதே பணம்தான்.

தச்சரும் கொத்தனாரும் இந்த வேலைக்கு மருத்துவருக்குச் சமமாக மதிப்புள்ளவர்கள் என்பதை வெளியாட்கள் கவனிப்பதில்லை. தளம் எந்தப் பக்கம் கம்பி ஓட்டிப் போடப்பட்டது, உத்தரம் எதன்மேல் உட்கார்ந்திருந்தது, எந்தச் சுவர் வெறும் மறைப்பு என்பதெல்லாம் வீடு கட்டியவனுக்குப் பார்த்தவுடன் தெரியும். அந்த அறிவை ஒரு வாரப் பயிற்சியில் ஊட்ட முடியாது.

வானத்தைப் படிப்பது

மீட்பு வேலை குண்டு விழுந்த பிறகு தொடங்குவதில்லை. விமானம் கிளம்பும்போதே தொடங்கிவிடும். விமானத் தளங்களுக்கு அருகே இருந்த பார்வையாளர்கள் என்ன வகை விமானம், எந்தத் திசையில் போகிறது என்று வாக்கி டாக்கியில் சொல்வார்கள். வழியிலுள்ள ஊர்களில் இருப்பவர்கள் அதைப் பிடித்து அடுத்தவருக்குக் கடத்துவார்கள். 2016 முதல் ஹலா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இந்தத் தகவல்களோடு ஒலி உணரிகளையும் சேர்த்து, இன்ன ஊருக்கு இத்தனை நிமிடத்தில் வரலாம் என்று கணக்கிடும் 'சென்ட்ரி' முறையை இயக்கியது. எச்சரிக்கை டெலிகிராமில் வரும், தெருச் சைரன்களும் ஊதும். கிடைப்பது சில நிமிடம். நிலவறைக்கு இறங்க அது போதும். நோயாளிகளை அறுவை மேசையிலிருந்து நகர்த்தப் போதாது.

ஜெட் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் எச்சரிக்கை ஒன்றல்ல. ஜெட் வந்த சத்தம் காதில் விழும்போது குண்டு பெரும்பாலும் இறங்கிவிட்டிருக்கும். ஹெலிகாப்டர் உயரத்தில் மெதுவாக வட்டமிடும். நாலைந்தாயிரம் மீட்டரிலிருந்து தள்ளிவிட்ட பீப்பாய் தரையைத் தொட ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். கண்ணால் பார்த்துவிட்டு ஓடுவதற்கு அரை நிமிடம் உண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்றுதான் தெரியாது. காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்பது தள்ளிவிட்டவருக்கே தெரியாது.

பிறகு வருவது இரட்டைத் தாக்குதல். முதல் குண்டு விழுந்து, ஆம்புலன்ஸும் மீட்பாளர்களும் கூட்டமும் சேர்ந்த பிறகு அதே இடத்தில் இன்னொன்று. கொல்லப்பட்ட 250-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களில் பலர் இப்படி இறந்தார்கள். ஆகவே களத்துக்குப் போகும் முறையே மாறியது. வண்டிகள் அடுத்தடுத்து நிற்கக்கூடாது. ஒவ்வொன்றும் வெளியேறும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், சாவி வண்டியிலேயே இருக்க வேண்டும். தேவைக்கு மேல் ஓர் ஆள்கூட இடிபாட்டின்மேல் ஏறக்கூடாது. ஒருவர் தோண்டவே மாட்டார். வாக்கி டாக்கியைக் காதோடு வைத்துக்கொண்டு வானத்தை மட்டும் பார்ப்பார். இரவில் முகப்பு விளக்கில்லாமல் ஓட்டுவார்கள், குழிக்குள் இறங்கிய பிறகுதான் தலைவிளக்கு.

இதில் அடிக்கடி தோற்றது கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில். பிள்ளை உள்ளே இருக்கிறது என்று அழுதுகொண்டு நிற்கும் தகப்பனை எந்த விதி சொல்லி விலக்குவது? ஆனால் இருபது பேர் ஏறி நின்றால் ஒரு டன்னுக்கு மேல் எடை, கீழேயுள்ள இடைவெளி நசுங்கும். அவர்கள் போடும் சத்தத்தில் உள்ளேயிருந்து வரும் முனகல் கேட்காது. விமானத்திலிருந்து பார்ப்பவனுக்கும் அந்தக் கூட்டம் நல்ல குறி. பலனளித்த வழி ஒன்றுதான்: உறவினருக்கு வேலை கொடுப்பது. யார் எந்த அறையில் படுத்திருந்தார்கள், மாடிப்படி எந்தப் பக்கம், குளியலறை எங்கே என்று அவரிடம் கேட்டுத் தரையில் படம் வரையச் சொல்வது. அவரும் இடிபாட்டிலிருந்து இறங்குவார், தேடவேண்டிய பரப்பும் பாதியாகக் குறையும்.

சிமென்ட், கம்பி, மரம்

கட்டடம் எதனால் விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் உள்ளே இடைவெளி இருக்கும், இல்லாமற்போகும். பீப்பாய் குண்டு பெரும்பாலும் மொட்டை மாடியிலோ மேல் தளத்திலோ வெடிக்கும். மேல் மாடிகள் உடைந்து சரிய, கீழே அறைகள் ஓரளவு மிஞ்சும். தளம் ஒரு பக்கம் மட்டும் அறுந்து சாய்ந்தால் சுவரோரம் முக்கோண இடைவெளி கிடைக்கும். நடுவில் மடிந்து விழுந்தால் இரு ஓரத்திலும் கிடைக்கும். தாமத வெடிப்பியோடு வரும் விமானக் குண்டு வேறு மாதிரி. தளங்களைத் துளைத்துக்கொண்டு கீழே போய் வெடித்துத் தூண்களை அறுக்கும். அப்போது மாடிகள் தோசை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். இரண்டு தளத்துக்கு நடுவே சில அங்குலமே மிச்சம். அங்கே உயிரோடு இருப்பவரைத் தேட வேண்டிய இடம் கட்டில், குளிர்சாதனப் பெட்டி போன்ற திடமான பொருள் தாங்கிய மூலைகள்தாம்.

தேடும் வரிசை பழையது, இரண்டாம் உலகப் போர்க்கால லண்டனிலேயே உருவானது. முதலில் மேற்பரப்பில் கிடப்பவர்கள், அடுத்து கதவு, அலமாரி போன்றவற்றின் கீழ் லேசாகச் சிக்கியவர்கள். பிறகு இடைவெளிகளில் தேடல், அப்புறம் தேர்ந்தெடுத்த இடத்தில் இடிபாடு அகற்றல், கடைசியில் முழு அகற்றல். உயிரோடு கிடைப்பவர்களில் பெரும்பங்கு முதலிரண்டு கட்டங்களில், வெறுங்கையால் கிடைப்பவர்கள். சிரியாவில் வான்தாக்குதலில் இந்த விகிதம் இன்னும் முக்கியம், ஏனென்றால் முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு நிற்க விடுவார்களா என்பதே நிச்சயமில்லை.

இடைவெளித் தேடலுக்கு மௌனம் வேண்டும். ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, குழாயிலோ கம்பியிலோ தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்க வேண்டும். இன்சராக் முறையில் மூன்று வினாடி நீளும் ஒரே ஊதல் வேலையை நிறுத்தி மௌனம் காக்கச் சொல்வது. நீளமாக ஒன்று, குறுகலாக ஒன்று என்றால் வேலை தொடரலாம். ஒரு வினாடி நீளத்தில் மூன்று குறுகிய ஊதல் என்றால் உடனே வெளியேற வேண்டும். நிலநடுக்கத்தில் இந்த மூன்றாவது எப்போதாவது, பின்னதிர்வு வந்தால் ஊதப்படும். அலெப்போவில் அது அன்றாட ஒலி.

கான்கிரீட் கன மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை டன். நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர், 20 சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு தளம் என்றால் 8 டன். அதன் கீழ் சிக்கிய காலை விடுவிக்கத் தளத்தை முழுதாகத் தூக்க வேண்டியதில்லை, நாலைந்து சென்டிமீட்டர் போதும். ஹைட்ராலிக் ஜாக்கியோ காற்றுப் பையோ வைத்துத் தூக்கும்போது கூடவே மரம் அடைத்துக்கொண்டு போக வேண்டும். ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலம் அடைப்பு. ஜாக்கியை மட்டும் நம்பினால் அது ஒரு பக்கம் வழுக்கும், இல்லையென்றால் அதன் கீழேயுள்ள சல்லி நொறுங்கும். அப்போது தளம் பழைய இடத்துக்கு அல்ல, அதற்கும் கீழே இறங்கும்.

அடைப்புக்குப் பத்து சென்டிமீட்டர் சதுர மரக்கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்க வேண்டும். நான்கு தொடுபுள்ளிகள் கொண்ட அத்தகைய அடுக்கு, நல்ல மரமாக இருந்தால், பத்து டன்னுக்குச் சற்று மேல் தாங்கும். கட்டை முனை மூலையிலிருந்து பத்து சென்டிமீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை பிளக்கும். உயரம் அடியகலத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. ஆப்புகளை எப்போதும் ஜோடியாக எதிரெதிரே அடிக்க வேண்டும். மரத்துக்கு ஒரு குணம் உண்டு: முறிவதற்கு முன் முனகும், நசுங்குவது கண்ணுக்குத் தெரியும். எஃகுக் குழாய் அப்படி முன்னறிவிப்புக் கொடுக்காது. முட்டுக்கு மரத்தையே தேடுவதற்கு விலை ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று.

கம்பியை எப்போது வெட்டுவது என்பதில் நிறையத் தவறுகள் நடக்கும். தொங்கும் தளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்தக் கம்பிகள்தாம். வழியை மறைக்கிறதே என்று வெட்டினால் தளம் இறங்கிவிடும். முட்டுக்கொடுத்த பிறகே கட்டர். கிரைண்டரில் வெட்டினால் பொறி பறக்கும். சிரிய வீட்டில் சமையலறையில் கேஸ் சிலிண்டர், குளிர்காலத்தில் மாசூத் என்னும் டீசல் ஊற்றும் அடுப்பு, அதன் தொட்டி எல்லாம் இடிபாட்டுக்குள் கசிந்துகொண்டிருக்கும். ஹைட்ராலிக் கட்டரில் பொறி இல்லை. ஆனால் அதற்கும் பம்ப் வேண்டும், பம்புக்கு எரிபொருள் வேண்டும். முற்றுகையிலும் போர்முனையிலும் கிடைத்தது நாட்டு முறையில் காய்ச்சிய டீசல். அது வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் அடைத்துவிடும். நடுவேலையில் பம்ப் நின்றுபோவதற்கு எதிரியின் குண்டு தேவையில்லை.

பொக்லைனைப் பற்றி ஒரு வார்த்தை. ஆள் உயிரோடு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை அதைக் கொண்டு கீழிருந்து இழுக்கக்கூடாது. மேலிருந்து ஒவ்வொரு துண்டாக, வாளியை மட்டும் பார்த்துக் கைச்சைகை காட்டும் ஒருவரின் சொல்படி எடுக்க வேண்டும். கூட்டம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தும். அந்தச் சத்தத்துக்கு அடங்கி வாளியை ஆழமாக இறக்கிய ஓட்டுநர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

வெளியே எடுத்த பிறகு இறப்பது

கால் சிக்கி ஆறு மணிநேரம் கிடந்தவர் தெளிவாகப் பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார். தளத்தைத் தூக்குகிறார்கள். சில நிமிடத்தில் இதயம் நின்றுவிடுகிறது. 1941-இல் லண்டன் குண்டுவீச்சில் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் விவரித்த நசுங்கல் நோய்க்கூறு இது. ரத்தம் ஓடாமல் நசுங்கிய தசை சிதைந்து பொட்டாசியத்தையும் மயோகுளோபின் என்னும் தசைப் புரதத்தையும் தேக்கி வைத்திருக்கிறது. அழுத்தம் விலகியதும் அவை ஒரே மூச்சில் உடலெங்கும் பாய்கின்றன. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். அதிலிருந்து தப்பினால் மயோகுளோபின் அடுத்த சில நாட்களில் சிறுநீரகத்தை அடைக்கும்.

ஆகவே விடுவிப்பதற்கு முன்பே சிகிச்சை தொடங்க வேண்டும். குழிக்குள் ஒரு கையோ காலோ எட்டினால் ஊசி குத்தி, சாதாரண உப்புக் கரைசல் ஏற்ற வேண்டும். பெரியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர், குழந்தைக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லி. ரிங்கர் லாக்டேட் கூடாது, அதிலேயே பொட்டாசியம் இருக்கிறது. பையில் இரண்டு வகை பாட்டிலும் கலந்து கிடக்கும்போது இருட்டில் மாற்றி எடுப்பது எளிதில் நடக்கும் தவறு. ஆகவே இடிபாட்டுப் பையில் ஒரே வகைதான் வைக்க வேண்டும். வானத்திலிருந்து எச்சரிக்கை வந்து, கரைசல் ஏற்ற நேரமே இல்லை என்றால், சிக்கிய உறுப்புக்கு மேலே இறுக்குப் பட்டை போட்டுவிட்டு விடுவிப்பது கடைசி வழி. பட்டை போட்ட நேரத்தை அவர் நெற்றியில் எழுதிவிட வேண்டும். நிதானமும் அவசரமும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுதான். காலைக் காப்பாற்றும் முறைக்கு ஒரு மணிநேரம் ஆகும். உயிரைக் காப்பாற்ற நாலு நிமிடம்தான் இருக்கிறது.

தூசியைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது. சிமென்ட் தூசி ஈரம் பட்டால் காரமாகும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். குழந்தையின் தலை தெரிந்ததும் உடலை இழுப்பதற்கு முன் வாயிலும் மூக்கிலும் இருக்கும் சாந்தை விரலால் வழித்தெடுப்பதே முதல் வேலை.

கீழே போகாதே, மேலே போ

குண்டுக்குப் பயந்தவர் நிலவறைக்குள் போவார். விஷவாயு அந்தப் பழக்கத்தையே ஆயுதமாக்கிக்கொண்டது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், சாரின் என்னும் நரம்பு வாயுவின் ஆவி இன்னும் கனம். இரண்டும் படிக்கட்டில் இறங்கிக் கீழே தேங்கும். 2013 ஆகஸ்ட் 21 கூத்தாவில், 2017 ஏப்ரல் 4 கான் ஷேக்கூனில், 2018 ஏப்ரல் 7 தூமாவில் நடந்த விஷவாயுத் தாக்குதல்கள் உலகுக்குத் தெரிந்தவை. கான் ஷேக்கூனில் சாரின் பயன்படுத்தியது சிரிய அரசு என்று ஐ.நா.வும் இரசாயன ஆயுதத் தடை அமைப்பும் இணைந்து நடத்திய விசாரணை 2017 அக்டோபரில் முடிவு சொன்னது. தூமாவில் 43 பேரைக் கொன்ற குளோரின் உருளைகளைப் போட்டது சிரிய விமானப்படை ஹெலிகாப்டர் என்று நம்பப் போதிய ஆதாரம் இருப்பதாக அந்தத் தடை அமைப்பின் புலனாய்வுக் குழு 2023 ஜனவரியில் சொன்னது.

கான் ஷேக்கூனில் சாதாரண வான்தாக்குதல் என்று நினைத்து முதலில் போன மீட்பாளர்கள் தாங்களே பாதிக்கப்பட்டார்கள். அதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. இடிபாடு குறைவாகவும் விழுந்து கிடப்பவர்கள் அதிகமாகவும் இருந்தால் வண்டியை நிறுத்து. கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால், வாயில் நுரை வந்தால், தசை துடித்தால், அது நரம்பு வாயு. பிளீச்சிங் பவுடர் வாடையும் மூச்சுத்திணறலும் என்றால் குளோரின். காற்று வரும் திசையிலிருந்து நெருங்க வேண்டும், ஆட்களை மேல்மாடிக்கும் மேட்டுக்கும் ஏற்ற வேண்டும். உடையைக் களைவதிலேயே நச்சின் பெரும்பகுதி போய்விடும். ஆனால் சட்டையைத் தலைவழியே உருவக்கூடாது, கத்தரித்து எடுக்க வேண்டும். பிறகு நிறையத் தண்ணீர். சாரினுக்கு அட்ரோபின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதற்கு அடையாளம் பாவை விரிவது அல்ல, நெஞ்சில் சளி வற்றி மூச்சு சீராவது. முகமூடி அணிந்தவர் தாடி வைத்திருந்தால் ஓரம் ஒட்டாது. கரி வடிகட்டி முகமூடி காற்றைச் சுத்தம்தான் செய்யும், ஆக்சிஜன் இல்லாத நிலவறையில் ஆக்சிஜனை உண்டாக்காது.

சட்டமும் கேமராவும்

குடிமைப் பாதுகாப்பாளரைச் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 முதலாம் கூடுதல் நெறிமுறை 61-ஆம் பிரிவில் குடிமைப் பாதுகாப்பின் 15 பணிகளை வரிசைப்படுத்துகிறது. எச்சரிக்கை, வெளியேற்றம், மீட்பு, தீயணைப்பு, நச்சு நீக்கம், இறந்தவர்களை அடக்கம் செய்தல் எல்லாம் அதில் உண்டு. ஆரஞ்சு நிறத்தின்மேல் நீல முக்கோணம் என்ற அடையாளச் சின்னமும் தருகிறது. ஆனால் அது நாடுகளுக்கிடையேயான போருக்கு. உள்நாட்டுப் போருக்கான இரண்டாம் நெறிமுறையில் அப்படி ஓர் அத்தியாயமே இல்லை, அந்த இரண்டாம் நெறிமுறையில் சிரியா சேரவும் இல்லை. பொதுமக்களைத் தாக்கக்கூடாது என்ற பொது விதி மட்டுமே மிஞ்சுகிறது. போதாக்குறைக்கு 2012-இல் சிரியா கொண்டுவந்த 19-ஆம் எண் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் எதிர்த்தரப்புப் பகுதியில் உதவி செய்வதையே குற்றமாக்கப் பயன்பட்டது. 2016 செப்டம்பர் 23 அன்று கிழக்கு அலெப்போவில் இவர்களின் மையங்களே தாக்கப்பட்டன. ஆபத்து வானத்திலிருந்து மட்டும் வரவில்லை. 2017 ஆகஸ்ட் 12 அன்று சர்மீனில் அடையாளம் தெரியாத துப்பாக்கிக்காரர்கள் மையத்துக்குள் புகுந்து ஏழு தன்னார்வலர்களைச் சுட்டுக்கொன்றார்கள்.

ஹெல்மெட்டில் கேமரா மாட்டியது முதலில் பயிற்சிக்கும் பதிவுக்கும். விரைவில் அது போர்க்குற்றச் சான்றாக மாறியது. இவர்கள் நாடகம் ஆடுகிறார்கள், பயங்கரவாதிகளின் கூட்டாளிகள் என்ற பிரசாரம் அப்போதிருந்து அன்றைய டமாஸ்கஸ் அரசிடமிருந்தும் மாஸ்கோவிலிருந்தும் ஓயாமல் வந்தது. பிரசாரத்துக்குத் தீனி போட்ட தவறுகளும் உண்டு. 2016 நவம்பரில் அசையாமல் நின்று படமெடுக்கும் இணைய விளையாட்டைப் பின்பற்றி இரண்டு தன்னார்வலர்கள் ஒரு போலி மீட்புக் காட்சியில் நடித்தார்கள். அமைப்பு மன்னிப்புக் கேட்டது, காணொளி இன்றும் ஆதாரம் என்ற பெயரில் சுற்றுகிறது. பணத்தைக் கையாண்ட வெளிநாட்டு அறக்கட்டளையின்மேல் எழுந்த புகாரைத் தணிக்கை நிறுவனம் ஆராய்ந்து, கையாடலுக்குச் சான்றில்லை, கணக்கு வைப்பில் குறைகள் உண்டு என்றது. என் கணிப்பில் இவர்களுடைய உண்மையான பலவீனம் வேறு: ஒரு தரப்பின் பகுதியில் மட்டுமே வேலை செய்ய முடிந்தது, ஆயுதக் குழுக்களின் நிழலில் வாழ வேண்டியிருந்தது. நடுநிலை என்பது இவர்கள் விரும்பினால் மட்டும் கிடைக்கிற பொருள் அல்ல.

2018 ஜூலையில் தென்மேற்குச் சிரியாவை அரசுப்படை பிடித்தபோது அந்த நிழலும் போயிற்று. ஜூலை 21-க்கும் 22-க்கும் இடைப்பட்ட இரவில் தன்னார்வலர்களும் குடும்பத்தாருமாக 422 பேர் கோலான் குன்றுகள் வழியாக இஸ்ரேலுக்குள் எடுக்கப்பட்டு ஜோர்டானில் இறக்கப்பட்டார்கள். திட்டமிட்டது ஏறக்குறைய 800 பேருக்கு. மீதிப் பேருக்குச் சாலை அடைபட்டிருந்தது.

வானம் அமைதியாக இருந்த ஒரு நாள்

2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17-க்குத் தெற்குத் துருக்கியிலும் வடக்குச் சிரியாவிலும் 7.8 அளவில் நிலம் நடுங்கியது. அன்று பாடப்புத்தகத்தில் சொன்ன நிலைமையே வந்தது, மேலிருந்து எதுவும் விழவில்லை. பத்தாண்டாக ஒரு தெருவில் ஒரு கட்டடம் என்று தோண்டிப் பழகியவர்களுக்கு ஜிந்திரெஸ், ஹாரெம், சர்மதா என்று ஊர் ஊராக ஒரே நேரத்தில் விழுந்தது வேறு கணக்கு. ஆள் தெரியும், முறை தெரியும். பளு தூக்கும் கிரேனும், அதை ஓட்ட டீசலும், ஒலி தேடும் கருவியும் இல்லை. ஐ.நா.வின் முதல் ஆறு லாரிகள் பாப் அல் ஹவா எல்லைக் கடவு வழியாகப் பிப்ரவரி 9 அன்று வந்தன, வந்ததும் கூடாரம் போன்ற பொருட்களே. 108 மணிநேரத்துக்குப் பிறகு, பிப்ரவரி 10 அன்று, உயிரோடு தேடும் வேலையை முடித்துக்கொண்டார்கள். உயிரோடு எடுத்தவர்கள் 2,950 பேர் என்று அமைப்பு கணக்குச் சொன்னது. வடமேற்குச் சிரியாவில் இறந்தவர்கள் 4,500-க்கும் மேல். அந்த மக்களைக் கைவிட்டுவிட்டோம் என்று ஐ.நா.வின் உதவிப் பணித் தலைவர் மார்ட்டின் கிரிஃபித்ஸ் பிப்ரவரி 12-இல் எல்லையில் நின்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு இடிபாட்டுக்குள் கேட்பதற்கு ஒலி எதுவும் மிஞ்சவில்லை.

2024 டிசம்பர் 8-இல் அசாத் ஆட்சி வீழ்ந்தது. 2025 மார்ச் இறுதியில் ராயித் அல் சாலே அவசரகால, பேரிடர் மேலாண்மை அமைச்சரானார். குண்டு விழுவது நின்றபின் வந்த வேலைக்கு வேகம் எதிரி. ஊர் திரும்பியவர்கள் மிதித்துவிடக்கூடிய கொத்துக் குண்டின் சிறு உருண்டைகள் வயலில் கிடக்கின்றன. அவற்றைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, சுற்றிக் குறி போட்டுவிட்டுக் கிடக்கும் இடத்திலேயே வெடிக்கவைக்க வேண்டும். அசாத் ஆட்சியின் செய்த்னாயா சிறையில் மறைவான அறைகள் இருப்பதாக நம்பிக் குடும்பங்கள் தரையைப் பெயர்த்தபோது, இவர்கள் தேடிப் பார்த்து அப்படி எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். காணாமற்போனவர்களைத் தேடும் கண்கள் அடுத்துப் புதைகுழிகளின் பக்கம் திரும்பின. அங்கே உறவினர் கையால் தோண்டினால் ஒருவரின் எலும்பு இன்னொருவரோடு கலந்துவிடும், உடையும் பல்லும் இடம் மாறும், பிறகு யாருடையது என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு காலத்தில் "கை கொடுங்கள்" என்று தெருவைக் கூப்பிட்டவர்கள், இப்போது குழி ஓரத்தில் கயிறு கட்டி, எலும்பு கிடக்கும் கிடையைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, ஒவ்வொரு உடலுக்கும் ஒரு பை, ஒவ்வொரு பைக்கும் ஒரு எண் என்று போட்டு, யாரும் தோண்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.